சாலைக்கும் சரளைக்கும் ஒரு சக்கரம்

நுழையுமுன்

மிதிவண்டி ஓடுவது இரண்டு சக்கரங்களால்; அச்சக்கரங்கள் நிலத்தைத் தொடுவது டயரால். வண்டியின் நிறத்தையும் கியர்களின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குவோர் டயரைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தார்ச்சாலையிலும் சரளைப் பாதையிலும் மாறி மாறிச் செல்வோருக்கு எத்தகைய டயர் ஏற்றது, அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பனவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு மாணவனின் வழி

தில்லியின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் வாழும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கிறான். வீட்டிலிருந்து பள்ளி 6 கிலோமீட்டர் தொலைவு. அதில் நாலரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை. எஞ்சிய ஒன்றரைக் கிலோமீட்டர் கால்வாய்க் கரையை ஒட்டிய பாதை. அங்கே கெட்டியான மண்ணின்மேல் சிறு சரளைக்கற்கள் பரவிக் கிடக்கின்றன. பேருந்துகளும் லாரிகளும் விரையும் பெருஞ்சாலையைத் தவிர்ப்பதற்கு அப்பாதையே வழி.

அவனுடைய வண்டி மலைப்பாதை வண்டியின் சாயலில் அமைந்தது. அதன் டயர்களில் ரப்பர்க் கட்டிகள் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டுகள் ஓடியபின் பின்சக்கரத்து டயரின் நடுப்பகுதி வழுவழுப்பாகத் தேய்ந்துபோயிற்று. ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூலும் வெளியே தெரியத் தொடங்கியது. ஓரக் கட்டிகள் மட்டும் புதியன போலவே நின்றன. முன்சக்கரத்து டயர் பாதியளவே தேய்ந்திருந்தது.

ஒரு மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் அவன் தந்தை புதிய டயர் ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர், "சப்பீஸ் இஞ்ச் தானே?" என்று கேட்டிருக்கிறார்; தந்தையும் ஆம் என்றிருக்கிறார். பழைய டயரிலும் 26 என்றிருந்தது. புதிய டயரிலும் 26 என்றே இருந்தது. ஆயினும் புதிய டயர் சக்கர வளையத்தில் நிற்கவில்லை. வளையத்தைவிடப் பெரிதாக இருந்து, கழன்று கழன்று விழுந்தது. மாட்டிப் பார்த்ததில் அழுக்கேறிவிட்டதால் கடைக்காரர் அதைத் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டார். இரண்டு டயர்களுக்கென ஒதுக்கிய பணத்தில் பாதி இவ்வாறு செலவாயிற்று.

ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு டயர்களில் ஒன்று பொருந்தியது, மற்றொன்று பொருந்தவில்லை. அதற்குக் காரணம் என்ன? விடை டயரின் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது.

காற்றடைத்த டயரின் பிறப்பு

தொடக்ககால மிதிவண்டிகளின் சக்கரங்கள் மரத்தால் ஆனவை. அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டை இருந்தது. பின்னர்க் கெட்டி ரப்பர் பட்டைகள் வந்தன. இயற்கை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இன்றைய டயர்கள் அனைத்தும் அக்கண்டுபிடிப்பின் வழி வந்தவை.

காற்றடைத்த டயருக்கு 1845இல் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். அது பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை; மெல்ல மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த ஆண்டு பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயங்களில், காற்றடைத்த டயர் பூட்டிய வண்டியை ஓட்டிய வில்லி ஹியூம் வென்றார். கெட்டி ரப்பரின் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது.

அவ்வெற்றி ஓர் உண்மையை உணர்த்தியது. காற்று, உடலுக்கு இதம் தருவதோடு வண்டியின் வேகத்தையும் கூட்டுகிறது. டயரைத் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த உண்மையின்மேல் எழுந்ததே.

இன்று இந்தியாவில் இயற்கை ரப்பரை மிகுதியாக விளைவிக்கும் மாநிலம் கேரளம். திரிபுராவிலும், தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் உள்ளன. மரத்திலிருந்து வடியும் பால் வெண்மையானது. டயரின் வலிமைக்காகச் சேர்க்கப்படும் கரிப்பொடியே அதற்குக் கருநிறம் தருகிறது.

எண்கள் சொல்லும் செய்தி

டயரின் பக்கச்சுவரில் அளவு இரண்டு வகையாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று பழைய அங்குல முறை. மற்றொன்று பன்னாட்டுத் தர முறை. மாணவனின் பழைய டயரில் 26 × 2.10 என்றும் 54-559 என்றும் இருந்தன. தந்தை வாங்கி வந்த டயரில் 26 × 1⅜ என்றும் 37-590 என்றும் இருந்தன.

பன்னாட்டு முறையில் முதல் எண் டயரின் அகலம். இரண்டாம் எண், சக்கர வளையத்தில் டயரின் விளிம்பு அமரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில் குறிக்கப்படுகின்றன. ஆகவே 559 வளையத்துக்கு 559 டயரே பொருந்தும். 590 டயர் 31 மில்லிமீட்டர் பெரியது. அதனால்தான் அது கழன்று விழுந்தது.

அவ்வாறாயின் இரண்டையும் 26 அங்குலம் என்பது ஏன்? அங்குல எண், காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகக் குறிப்பது. அகலமான டயருக்கு 559உடன் இருபுறமும் 54 சேர்த்தால் 667 மில்லிமீட்டர். ஒடுக்கமான டயருக்கு 590உடன் இருபுறமும் 37 சேர்த்தால் 664 மில்லிமீட்டர். இரண்டுமே ஏறத்தாழ 26 அங்குலம். வெளிப்புறம் ஒத்திருக்க, உட்புறம் வேறுபடுகிறது. சக்கரத்தில் பொருந்தவேண்டியதோ உட்புறம்.

இந்தியச் சாலைகளில் அடிக்கடி காணப்படும் சில அளவுகள் வருமாறு:

- 28 × 1½ : வளைய விட்டம் 635. பால்காரர்களும் அஞ்சல்காரர்களும் ஓட்டிவந்த பழைய கறுப்பு மிதிவண்டி.
- 26 × 1⅜ : வளைய விட்டம் 590. பெண்களுக்கென வரும் ஒடுங்கிய சக்கர வண்டிகள் பல.
- 26 × 1.75, 26 × 2.10 போன்ற தசம அளவுகள் : வளைய விட்டம் 559. மலைப்பாதை வண்டிகளும் அவற்றின் சாயலில் அமைந்த வண்டிகளும்.
- 27.5 × 2.10 : வளைய விட்டம் 584. அண்மைக்கால மலைப்பாதை வண்டிகள்.
- 700 × 35, 29 × 2.10 : வளைய விட்டம் 622. விரைவு வண்டிகளும் பெரிய சக்கர வண்டிகளும்.

பின்னத்தில் எழுதிய அளவும் தசமத்தில் எழுதிய அளவும் மதிப்பில் நெருங்கியிருந்தாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. கடைக்குச் செல்லுமுன் பழைய டயரின் இரண்டாம் எண்ணைத் தாளில் குறித்துச் செல்வது பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

அகலமும் காற்றழுத்தமும்

வளைய விட்டம் மாறக்கூடாது; அகலம் ஓரளவு மாறலாம். எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை வழியின் தன்மையே முடிவு செய்கிறது.

காற்றழுத்தத்தை, ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளப்பது வழக்கம். இதனைப் பி.எஸ்.ஐ. என்பர். மாணவன், வண்டி, புத்தகப்பை ஆகியவற்றின் மொத்த எடை 65 கிலோகிராம் எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. அது 39 கிலோகிராம். 40 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றேறக்குறைய 2.8 கிலோகிராம். 39ஐ 2.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 கிடைக்கும். அஃதாவது பின்டயர் நிலத்தைத் தொடும் பரப்பு 14 சதுர சென்டிமீட்டர் அளவே. ஒரு தீப்பெட்டியின் அகன்ற முகத்தை அது ஒத்தது. அழுத்தத்தை 60 ஆக்கினால் அப்பரப்பு 9 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கும். மாணவனின் பாதுகாப்பு அச்சிறு பரப்பைச் சார்ந்திருக்கிறது.

நிலத்தைத் தொடும் இடத்தில் டயர் நசுங்குகிறது. சக்கரம் சுழன்றதும் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. ஒவ்வொரு முறையும் நசுங்கி மீளும்போது சிறிது ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. வழவழப்பான தார்ச்சாலையில் காற்று குறைந்த டயரை மிதிப்பது கடினமாக இருப்பது இதனால்தான். அழுத்தம் கூடினால் நசுங்கல் குறையும். வண்டி எளிதாக உருளும்.

சரளைப் பாதையில் நிலைமை வேறு. அங்கே கல்லின்மேல் ஏறும் கெட்டியான டயர் நசுங்குவதில்லை. ஆகவே வண்டியும் அதன்மேல் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து மேலே தூக்கப்படுகின்றனர். ஒவ்வொரு கல்லுக்கும் இவ்வாறு உடலைத் தூக்கி இறக்குவதில் முன்செல்லவேண்டிய ஆற்றல் செலவாகிறது. துள்ளும் கணத்தில் டயர் நிலத்தை விட்டு அகல்வதால் பிடிமானமும் இல்லாமற்போகிறது. சற்றே மென்மையான டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருள்கிறது. ஆகவே சரளையில் ஓரளவு அழுத்தம் குறைந்த டயரே விரைவானது, பாதுகாப்பானதும் அதுவே.

அவ்வாறாயின் ஒடுக்கமான டயரில் காற்றைக் குறைத்தால் போதாதா? போதாது. ஒடுக்கமான டயரில் தரைக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள உயரம் குறைவு. காற்றும் குறைந்தால் கல் மோதும்போது டயர் முழுதும் நசுங்கி, உள்ளிருக்கும் டியூப் கல்லுக்கும் வளையத்துக்கும் நடுவே கடிபடும். அதில் அருகருகே இரண்டு துளைகள் விழும். முள் குத்தினால் ஒரு துளை. வளையம் கடித்தால் இரண்டு துளை. பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கும்போது, குமிழி எத்தனை இடத்தில் வருகிறது என்பதைக் கொண்டு காரணத்தை அறியலாம்.

அகன்ற டயர் உயரமும் மிக்கது. குறைந்த அழுத்தத்திலும் அது வளையத்தைக் காக்கும். சாலையும் சரளையும் கலந்த வழிக்கு மிக ஒடுங்கியதும் ஏற்றதன்று. மிக அகன்றதும் தேவையன்று. 622 வளையத்தில் 35 முதல் 45 மில்லிமீட்டர் வரையிலும், 559 வளையத்தில் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலும் உள்ள அகலம் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

அகலத்தைக் கூட்டுமுன் வண்டியில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். டயருக்கும் சட்டத்துக்கும் இடையிலும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலும் 6 மில்லிமீட்டர் அளவேனும் இடைவெளி இருப்பது நன்று. இல்லையெனில் டயரில் ஒட்டிய சிறு கல்லோ மண்ணோ அவ்விடத்தில் சிக்கிச் சக்கரத்தையே நிறுத்திவிடக்கூடும்.

டயரின் முகம்

நிலத்தைத் தொடும் பகுதியில் உள்ள வடிவங்களைக் கொண்டு டயர்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கட்டிகள் துருத்திய டயர். கடைகளில் இதனைப் பட்டன் டயர் என்பதுண்டு. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் அகன்ற டயர் கொண்ட பழைய வண்டிகளில் மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடினர். அவ்விளையாட்டிலிருந்து மலைப்பாதை வண்டி தோன்றியது. சேற்றிலும் இளகிய மண்ணிலும் கட்டிகள் புதைந்து பிடிக்கும். தார்ச்சாலையிலோ அவை புதைய இடமில்லை. உடலின் எடையைத் தாங்கி ஒவ்வொரு கட்டியும் வளைந்து நிமிர்கிறது. அதனால் ஆற்றல் வீணாகிறது. 'கிர்' என்ற ஒலி எழுகிறது. நடுக்கட்டிகள் விரைந்து தேய்கின்றன. திருப்பத்தில் வண்டி சாயும்போது கட்டிகள் வளைந்துகொடுப்பதால் பிடிமானமும் குறையும்.

இரண்டாவது, வழவழப்பான டயர். கட்டிகள் இல்லாமையால் இதன் முழுப் பரப்பும் தார்ச்சாலையைத் தொடுகிறது. மழையில் இது வழுக்கும் என்று பலர் அஞ்சுவர். மகிழுந்தின் டயர் அகன்று தட்டையாக இருப்பதால், மிகு வேகத்தில் அதன் அடியில் தண்ணீர் புகுந்து டயரைத் தூக்கிவிடும். அத்தண்ணீரை வெளியேற்றவே அதில் பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. மிதிவண்டி டயர் ஒடுங்கியது, உருண்டு வளைந்தது, அதன் வேகமும் குறைவு. அது தண்ணீரைத் தானே ஒதுக்கிவிடும். ஆகவே நனைந்த தார்ச்சாலையில் வழவழப்பான டயர் குறையுடையதன்று. ஈரமான இரும்பு மூடிகளிலும் சாலையில் பூசிய வண்ணக்கோடுகளிலும் எந்த டயரும் வழுக்கும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நடுவில் வழவழப்பான அல்லது நெருக்கமான வரிகள் கொண்ட பட்டை. ஓரங்களில் சிறு கட்டிகள். நேராகச் செல்லும்போது நடுப்பட்டை மட்டும் சாலையைத் தொட்டு எளிதாக உருளும். சரளையில் டயர் சற்றே அமிழும்போதும், திரும்புகையில் சாயும்போதும் ஓரக் கட்டிகள் துணைக்கு வரும்.

கெட்டியான மண்ணின்மேல் பரவிய சிறு சரளையில் கட்டிகளின் உயரத்தைவிட டயரின் அகலமும் சரியான காற்றழுத்தமுமே பெரிதும் உதவுகின்றன. கட்டிகள் இன்றியமையாதன ஆவது ஆழ்ந்த மணலிலும் சேற்றிலுமே.

மூன்று டயர்கள், ஒரு முடிவு

தாளில் 559 என்று எழுதிக்கொண்டு மாணவனும் தந்தையும் மீண்டும் கடைக்குச் சென்றனர். கடைக்காரர் மூன்று டயர்களை எடுத்து வைத்தார். ஒன்று, பழையதைப் போன்றே 54-559 அளவுள்ள பட்டன் டயர். இரண்டாவது, 40-559 அளவுள்ள வழவழப்பான டயர். மூன்றாவது, 47-559 அளவுள்ள இடைப்பட்ட டயர். அங்குல முறையில் அதன் அளவு 26 × 1.75.

பட்டன் டயரை வாங்கினால், நான்கில் மூன்று பங்கு தார்ச்சாலையாக உள்ள வழியில் நாள்தோறும் வீண் உழைப்பு. முன்போலவே நடுப்பகுதி விரைந்து தேயும். தேய்ந்த பழைய டயரே அதற்குச் சான்று. வழவழப்பான டயர் தார்ச்சாலைக்குச் சிறந்தது. ஆனால் 40 மில்லிமீட்டர் என்பது அவன் வளையத்துக்குரிய அளவுகளில் மிக ஒடுங்கியது. கனமான புத்தகப்பையுடன் கால்வாய்க் கரையில் செல்ல அதில் காற்றை மிகுதியாக அடைக்கவேண்டும், அடைத்தால் துள்ளும். மூன்றாவது டயர் இரண்டு நிலத்துக்கும் ஈடுகொடுக்கும். அவன் அதையே தேர்ந்தான்.

கையில் இருந்த பணம் ஒரு டயருக்கே போதுமானது. அதை எந்தச் சக்கரத்தில் பூட்டுவது என்ற வினா எழுந்தது. பொதுவாக, இரண்டு டயர்களும் ஒரே வகையாயின் புதியதை முன்சக்கரத்தில் பூட்டி, முன்னிருந்ததைப் பின்னுக்கு மாற்றுவது நலம். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் வீழ்ச்சி உறுதி. இங்கே டயர்கள் இருவகை. முன்டயரில் விரிசல் இல்லை. கட்டிகளும் பாதி நின்றன. சரளையில் பிடிப்பதற்கு அவை போதும். எடையை மிகுதியாகத் தாங்குவது பின்சக்கரம். எளிதாக உருளும் டயரின் பயன் அங்கேதான் மிகுதி. ஆகவே புதிய டயர் பின்சக்கரத்தில் ஏறியது. முன்டயர் மாறும்வரை தார்ச்சாலைத் திருப்பங்களில் வேகத்தைக் குறைத்துச் செல்லவேண்டும் என்று தந்தை அறிவுறுத்தினார்.

சில நாட்களுக்குப் பின், அடுத்த வீட்டு அக்காவின் மிதிவண்டி தேய்ந்த டயருடன் படிக்கட்டின் அடியில் நிற்பதை அவன் கண்டான். குனிந்து பார்த்தான். அதன் பக்கச்சுவரில் 37-590 என்று அச்சாகியிருந்தது. வீட்டில் பயனின்றித் தொங்கிய டயர் அவ்வண்டிக்குப் பொருந்தியது. அதற்கு அக்கா கொடுத்த பணம் முன்சக்கரத்துக்கும் புதிய டயர் வாங்க உதவியது.

பேணும் முறை

நல்ல டயரும் கவனிப்பின்றி நீடிக்காது. டயரின் பக்கச்சுவரில் குறைந்த அழுத்தமும் மிகுந்த அழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். 40 முதல் 65 என்று இருப்பின், எடை குறைந்த மாணவர் கீழ் எல்லையை ஒட்டியும், எடை மிகுந்தவர் மேல் எல்லையை ஒட்டியும் காற்றடைக்கலாம். எடை மிகுதியாக விழும் பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அடைத்தல் முறை. கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது தோராயமான கணிப்பே. அழுத்தமானி பொருத்திய பம்பு சரியான அளவைக் காட்டும்.

ரப்பர் டியூபிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசியும். ஆகவே பஞ்சர் இல்லாவிடினும் வாரம் ஒருமுறை காற்றைச் சரிபார்த்தல் வேண்டும். அவ்வேளையில் டயரில் பதிந்த கண்ணாடித் துண்டு, முள், கூரிய கல் ஆகியவற்றை அகற்றினால் அவை உள்ளே இறங்கித் துளையிடுவதைத் தடுக்கலாம். பக்கச்சுவரில் விரிசல், புடைப்பு, வெளியே தெரியும் நூல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் டயரை மாற்றிவிடவேண்டும். கடும் வெயில் ரப்பரை முதுமையாக்கும். வண்டியை நிழலில் நிறுத்துவது டயரின் ஆயுளைக் கூட்டும்.

புதிய டயரைப் பூட்டும்போது பக்கச்சுவரில் அம்புக்குறி உள்ளதா என்று நோக்கவேண்டும். இருப்பின் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அது அமையவேண்டும். டயரை நெம்பும்போது திருப்புளியைப் பயன்படுத்துவோர் டியூபைக் கிழித்துவிடுவதுண்டு. அதற்கென உள்ள பிளாஸ்டிக் நெம்புகோலே ஏற்றது. காற்றடைத்தபின் சக்கரத்தைச் சுழற்றி, டயர் எங்கும் ஒரே சீராக அமர்ந்துள்ளதா, பிரேக் கட்டையில் உராய்கிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுக்கவேண்டும்.

எல்லா வழிக்கும் ஏற்ற ஒரே டயர் இல்லை. முழுதும் தார்ச்சாலையில் செல்பவருக்கு வழவழப்பான டயரும், மழைக்காலச் சேற்றைக் கடப்பவருக்குப் பட்டன் டயரும் பொருந்தும். தாம் செல்லும் வழியை முதலில் அளந்து, வண்டியில் அச்சான எண்களைப் படித்து, அதன்பின் கடைக்குச் செல்பவர் ஏமாறுவதில்லை.

---

சொல்லும் பொருளும்

சரளை – பொடிக்கற்கள் கலந்த நிலம்
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்குச் சட்டம் வழங்கும் உரிமை
விட்டம் – வட்டத்தின் நடுவழியாகச் செல்லும் அளவு
பக்கச்சுவர் – டயரின் பக்கவாட்டுப் பகுதி
பிடிமானம் – வழுக்காமல் பற்றிக்கொள்ளும் தன்மை
ஈடுகொடுத்தல் – சமாளித்து நிற்றல்
இன்றியமையாத – கட்டாயம் வேண்டிய

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 47-559 என்ற குறியீட்டில் 47 என்பது எதைக் குறிக்கிறது?
 அ) காற்றழுத்தம்  ஆ) டயரின் அகலம்  இ) வளைய விட்டம்  ஈ) எடை

2. டியூபில் அருகருகே இரண்டு துளைகள் விழுவதற்குக் காரணம்
 அ) முள் குத்தியது  ஆ) வெயில் பட்டது  இ) வளையத்துக்கும் கல்லுக்கும் இடையில் கடிபட்டது  ஈ) காற்று மிகுந்தது

3. டன்லப் காப்புரிமை பெற்ற ஆண்டு
 அ) 1839  ஆ) 1845  இ) 1888  ஈ) 1889

ஆ. பிரித்து எழுதுக.

1. சக்கரத்திலிருந்து  2. பேருந்துகளும்  3. காற்றழுத்தம்  4. பக்கச்சுவர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தந்தை வாங்கி வந்த டயர் சக்கர வளையத்தில் ஏன் நிற்கவில்லை?
2. பட்டன் டயரின் நடுப்பகுதி தார்ச்சாலையில் விரைந்து தேய்வது ஏன்?
3. டயரை உடனே மாற்றவேண்டும் என்பதைக் காட்டும் அடையாளங்கள் யாவை?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. சரளைப் பாதையில் அழுத்தம் சற்றுக் குறைந்த டயர் எளிதாக உருள்வதன் காரணத்தை விளக்குக.
2. புதிய டயரை மாணவன் பின்சக்கரத்தில் பூட்டியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. செய்து பார்க்க.

1. உம் குடியிருப்பில் உள்ள மூன்று மிதிவண்டிகளின் டயர்களில் அச்சான எண்களைக் குறித்து, அவற்றின் வளைய விட்டத்தை அட்டவணைப்படுத்துக.
2. நீவிர் வாழும் ஊரின் மொழியில் டயர், டியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை எவ்வாறு கூறுகின்றனர் எனக் கேட்டறிந்து, அவற்றுக்குரிய தமிழ் வழக்குகளுடன் ஒப்பிட்டு எழுதுக.
3. வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் தார்ச்சாலை எவ்வளவு, மண்பாதை எவ்வளவு என மதிப்பிட்டு, அவ்வழிக்கு ஏற்ற டயர் எது என்று ஒரு பத்தி எழுதுக.